வேகாத அசனம்

ஆறுதல்புரத்தில் அசனச் சோறு வேகாமல் போன கதையைச் சொல்லுகிறவர்கள் எல்லாரும் பெரிய சமையல் கிடாரத்திலிருந்துதான் தொடங்குவார்கள். விறகைச் சொல்வார்கள், தண்ணீரைச் சொல்வார்கள், அந்த வருஷம் ஊரார் அரிசி வாங்கின ஆலையைச் சொல்வார்கள். ஆனால் அது அதற்கும் முந்தி, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பஸ் ஸ்டாப்புக்கு அந்தப் பக்கத்து வேப்பமரத்து நிழலில், எப்சிபா என்கிற விதவை தன் துணிப்பையின் வாயைத் தன் கையாலேயே இறுக்கிப் பிடித்தபோதே தொடங்கிவிட்டது.

அந்தச் செம்மணல் தேரிக்காட்டுச் சபைகளில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுப் பெண் உலைக்கு அரிசி களைகிறதற்கு முன்னே ஒரு கைப்பிடி எடுத்து, ஆண்டவருக்கென்று தனியாக ஒரு பானையில் போட்டு வைப்பாள். இருக்கிற வீட்டிலும் ஒரு கைப்பிடிதான், இல்லாத வீட்டிலும் ஒரு கைப்பிடிதான். வெள்ளிக்கிழமைதோறும் அதைச் சேர்த்து வாங்கிக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்சிபாவின் வேலை. வருஷத்துக்கு ஒருதரம், கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையன்று, அந்த அரிசியை ஒன்றாய்ப் போட்டுச் சோறு பொங்கி, ஊர் முழுக்க ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதுதான் அசனம். யார் வீட்டு அரிசி யார் இலையில் விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் பெரியவர்கள் அப்படி ஏற்படுத்தி வைத்தார்கள் என்று எப்சிபா நினைத்துக்கொள்வாள்.

அவளுக்கு ஒரே மகள், எமீமா. மினிபஸ் ஓட்டுகிற இசக்கிராஜைப் பதிவு ஆபீசில் கல்யாணம் முடித்துக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடிபோனாள். வேறு மார்க்கத்தில் கல்யாணம் முடித்தவர்களுக்குச் சபை விலக்கம் என்பது சட்டம். அவர்களுக்கு நற்கருணை கிடையாது, அவர்கள் பேரைக் கோயிலில் சொல்லக்கூடாது, அவர்கள் கையிலிருந்து காணிக்கை வாங்கக்கூடாது. எப்சிபாவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின் முன்னால் நிற்கவைத்தார்கள். பிள்ளையை ஒழுங்காய் வளர்க்கத் தவறினேன், சபை என்னை மன்னிக்க வேண்டும் என்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். அதன்பிறகுதான் பையைத் திருப்பிக் கொடுத்தார்கள். புருஷன் போய், மகள் போய், அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்தப் பை ஒன்றுதான். பையோடு போனால் எந்த வீட்டிலும் உட்காரச் சொல்வார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை எமீமா வேப்பமரத்தடியில் ஒரு பிஸ்கட் டின்னோடு நின்றாள்.

"எம்மா, பையைப் பிடி."

"இது வேண்டாம் எமி."

"ஏன், பூச்சி கிடக்கா? புடைச்சுத்தான் வச்சிருக்கேன்."

"வாங்கக்கூடாதுன்னு சட்டம் இருக்குல்லா. உனக்குத் தெரியாதா?"

"உலை வைக்கதுக்கு முந்தி ஒரு கைப்பிடி எடுத்து வைக்கணும்னு நீதான என் கையில அடிச்சு அடிச்சுச் சொல்லித் தந்த. அதுவும் சட்டம்தான? எங்க மாமியார் தெனமும் கேக்காவ, இது எந்தச் சாமிக்குன்னு. எங்க அம்மாவோட சாமிக்குன்னு சொல்லுதேன்."

எப்சிபா திரும்பினாள். தெருவில் ஆள் இருக்கிறதா என்று பார்த்தாள். டெய்லர் வீட்டுத் திண்டில் இரண்டு பேர் இருந்தார்கள். அவள் பையின் வாயைச் சேர்த்துப் பிடித்தாள். எமீமா டின்னைச் சாய்த்தாள். அரிசி அம்மாவின் புறங்கையில் விழுந்து, வழிந்து, செம்மண்ணில் சிதறியது. கோழிகள் ஓடி வந்தன. எமீமா கொஞ்சநேரம் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுகளுக்குச் சட்டம் ஒண்ணும் கிடையாது போல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் பிரதிஷ்டைப் பண்டிகை. மாசிலாமணிதான் வழக்கம்போல அசனத்துக்குச் சமையல். உடைமர விறகு நன்றாகக் காய்ந்த விறகு, கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர், கிடாரங்கள் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தன. உலை கொதித்தது. அரிசி உள்ளே போய் ஏறியது, இறங்கியது, சுழன்றது, கஞ்சி ஒரு சொட்டும் இறங்கவில்லை. மாசிலாமணி கரண்டியால் கோரி ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தார், பல்லால் கடித்துப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் விறகைத் தள்ளினார். உலைத் தண்ணீர் வற்ற வற்ற ஊற்றினார். மத்தியானம் ஆகி, சாயங்காலமும் ஆகி, ஆட்டுக்கறிக் குழம்பு எண்ணெய் மிதந்து ஆறியும் போனது. அரிசி மூட்டையிலிருந்து விழுந்தபடியே வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"அண்ணாச்சி, இது சோறாக மாட்டேங்கு" என்று மாசிலாமணி, சபைக் கமிட்டிச் செயலாளர் ஞானசிகாமணியிடம் சொன்னார்.

"உப்புப் போட்டீரா?"

"எல்லாம் போட்டாச்சு. நான் ஒருத்தன்தான் இன்னும் உள்ள விழல."

ஜனங்கள் கொஞ்சநேரம் எட்டிப் பார்த்தார்கள். பிறகு குழம்பைத் தூக்குவாளிகளில் வாங்கிக்கொண்டு, ஈர அரிசியையும் ஆளுக்குக் கொஞ்சம் இலையில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதே அரிசி வீட்டு அடுப்பில் ஒரு கொதியில் மல்லிகைப்பூப் போல வெந்தது. எல்லாரும் தங்கள் தங்கள் வீட்டில், தங்கள் தங்கள் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார்கள்.

எப்சிபா மாத்திரம் சாப்பிடவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தொட்டுப் பார்க்காமலே தெரிகிற மாதிரி அவளுக்கு அது எதனால் என்று தெரிந்திருந்தது. புறங்கையில் அரிசி விழுந்த இடம் குறுகுறுவென்றது. முழங்கால் போட்டு ஜெபித்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஊர் எதையும் பழகிக்கொள்ளும். அடுத்த வருஷம் எல்லாரும் முன்கூட்டியே தூக்குவாளியோடும் ஈரம் ஒழுகாத பையோடும் வந்தார்கள். மாசிலாமணி பேருக்குக் கிடாரம் ஏற்றி, பேருக்குத் தீ மூட்டி, ஒரு ஜெபம் முடிகிறவரை அரிசியைக் கிண்டிவிட்டு, பச்சையாகவே அளந்து போட்டார். பந்தல் போடும் வேலை இல்லை, இலை எடுக்கும் வேலை இல்லை, எனக்குக் கறி வரவில்லை என்று பந்தியில் சண்டை இல்லை. இதுவும் ஒருவகையில் சுகந்தான் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். வெளியூர்க்காரர்கள்தான் விடவில்லை. பெண் பார்க்க வந்த ஒரு கூட்டத்தில் மாப்பிள்ளையின் மாமா காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "காப்பியாவது காய்ச்சினதுதான, இல்ல அதுவும் உங்க ஊர் வழக்கமா?" என்று கேட்டார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. இன்னொன்றும் அமையவில்லை. அப்போதுதான் கமிட்டி கூடியது.

குருவானவர் நல்ல மனுஷர். குரல் உயர்த்தாதவர், வியாதிக்காரர் வீட்டுக்கு வெயிலென்று பாராமல் சைக்கிளில் போகிறவர். அவர் ரொம்ப நாள் உபவாசமிருந்து ஜெபித்துவிட்டுப் பிரசங்கபீடத்தில் சொன்னார்: "சபைக்குள்ளே எங்கேயோ ஒரு தீட்டு ஒளிந்திருக்கிறது பிரியமானவர்களே. அதை எடுத்துப் போடாமல் ஆண்டவர் நம் அடுப்பைப் பார்க்கமாட்டார். அன்பு வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சட்டமில்லாத அன்பு கரையில்லாத குளம்." எல்லாரும் தலையை ஆட்டினார்கள். எப்சிபாவும் ஆட்டினாள்.

பிறகு தீட்டைத் தேடினார்கள். அம்மன் கோயில் கொடைவிழாவுக்குப் போய் வில்லுப்பாட்டு கேட்டுவிட்டுப் பந்தியில் சாப்பிட்ட டெய்லர் சாலோமோன் வீட்டு அரிசி வேண்டாம் என்றார்கள். பள்ளிக்கூட ஆண்டுவிழா நாடகத்துக்காக நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்ட டீச்சர் வீட்டு அரிசி வேண்டாம். தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் வீட்டு அரிசி வேண்டாம். தம்பி கேஸ் போட்டபிறகு தம்பி வீட்டு அரிசியும் வேண்டாம். ஞானசிகாமணி அண்ணாச்சி வெள்ளிக்கிழமை காலையில் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டே, "எப்சிபா அக்கா, இன்னைக்கு மேலத்தெருவுல கடைசி வீட்டை விட்டிருங்க" என்று சொல்வார். அவளும் விட்டுவிடுவாள். விட்ட வீட்டுப் பெண்கள் கையில் அரிசியோடு வாசலில் நிற்கிறதைப் பார்க்காமலிருக்க அவள் தரையைப் பார்த்து நடக்கப் பழகினாள். பை வாரத்துக்கு வாரம் இலேசாகிக்கொண்டே வந்தது. பிடித்துக்கொண்டு நடக்கிற கைதான் கனத்தது. மூன்றாவது பண்டிகைக்கு அசன அரிசி பற்றாமல் கமிட்டியே மூட்டை வாங்கிப் போட்டது. அதுவும் வேகவில்லை.

நாலாவது பண்டிகை நெருங்கினபோது எப்சிபாவுக்குத் தாங்கமுடியவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. கோழிகள் கொத்துகிற சத்தந்தான் வந்தது. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போனாள்.

எமீமா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. "வா" என்று மாத்திரம் சொன்னாள்.

"எமி, இன்னும் எடுத்து வைக்கியா?"

எமீமா உள்ளே கையைக் காட்டினாள். அடுப்புத் திட்டில் பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்தில் இன்னும் டின்கள், பானை, மூடி போட்ட வாளி. எல்லாவற்றிலும் அரிசி. "மாமியாரும் இப்பம் போடுதாவ. உங்க அம்மாவோட சாமி வந்து வாங்கலைன்னா என்னட்டி, நாம போடுறதைப் போடுவோம்னு."

எப்சிபா அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். குருவானவர் சொன்ன குளத்துக் கதையைச் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சொல்ல வேறொன்றும் இல்லாததால் இருக்கலாம்.

"கரையெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்காவ" என்றாள் எமீமா. "குளத்துல தண்ணி கிடக்கான்னு யாராவது எட்டிப் பாத்தாவளா?"

"எனக்கு ஒரு கைப்பிடி தா எமி. அசனத்துக்கு."

எமீமா முறத்தைக் கீழே வைத்தாள். "தாறேன். ஆனா அசனத்துக்குக் குடுத்தவங்க பேரை மைக்ல வாசிப்பாவல்லா, என் பேரையும் வாசிக்கணும்."

"அது எப்படிட்டி..."

"எமீமா இசக்கிராஜ், ஒரு கைப்பிடி அரிசி. அவ்வளவுதான். ஆட்டுக்கிடா குடுத்தவங்க, தேங்காய் குடுத்தவங்க எல்லாரையும் வாசிச்சு முடிச்சுட்டுக் கடைசியில வாசிச்சாப் போதும். நான் உள்ள வரல. இந்த மரத்துக்கிட்ட நிப்பேன். ஸ்பீக்கரை ரோட்டைப் பாத்துத்தான கட்டுவாவ, எனக்குக் கேட்கும்."

"வாசிக்கச் சொல்லுதேன்."

"சத்தியம் பண்ணு."

"சத்தியம் பண்ணக்கூடாதுன்னு உனக்குத் தெரியுமே."

"ஆமா" என்று எமீமா சிரித்தாள். "அதுக்கும் ஒரு சட்டம் வச்சிருக்கீங்க."

இந்தத் தடவை எப்சிபா பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

பண்டிகையன்று மாசிலாமணி கிடாரங்களைப் பேருக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். எப்சிபா போய், காணிக்கை அரிசி கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று சொல்லி, அந்த ஒரு கைப்பிடியை ஒவ்வொரு கிடாரத்திலும் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். போட்ட கை திரும்புவதற்குள் உலை ஒருதரம் பெருமூச்சு விட்டது. கஞ்சி பொங்கி நுரைத்து விளிம்பைத் தாண்டித் தீயில் சீறியது. வெந்த சோற்றின் வாசனை பந்தலைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, கல்லறைத்தோட்டத்தைத் தாண்டித் தேரி மேட்டில் ஏறியது. கதவைச் சாத்தியிருந்த வீடுகளெல்லாம் திறந்தன. தூக்குவாளியோடு வந்தவர்கள் வாளியை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஓலைப்பாயில் சோற்றைக் கொட்டிக் குவித்தபோது ஆவிக்குள்ளே மாசிலாமணியின் தலை தெரியவில்லை. அவர் அழுகிற சத்தம் மாத்திரம் கேட்டது.

குருவானவர் நடுங்கின குரலில் ஸ்தோத்திரம் சொன்னார். ஞானசிகாமணி அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார்.

"நாம சட்டத்தை இறுக்கிப் பிடிச்சோம். அன்பு இல்லாதவங்கன்னு நம்மளைச் சொன்னாங்க. தீட்டை ஒவ்வொண்ணா எடுத்து வெளிய போட்டோம். இன்னைக்குக் கர்த்தர் நம்ம அடுப்பைப் பாத்துட்டார். இந்த ஒழுங்கு நம்ம பிள்ளைங்க காலத்துக்கும், அவங்க பிள்ளைங்க காலத்துக்கும் நிக்கும்னு இந்தப் பந்தல்லயே தீர்மானம் போடுதோம்."

எல்லாரும் கை தட்டினார்கள். டெய்லர் சாலோமோன் வேலிக்கு வெளியே நின்றபடி அவரும் தட்டினார். தன்னை வெளியே போட்டதால்தான் சோறு வெந்தது என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

 தான் கொண்டுவந்து போட்ட அரிசியை எடுத்தே மகளுக்கு முன்னால் சுவர் கட்டிவிட்டார்கள் என்று எப்சிபாவுக்குப் புரிந்தது.

அண்ணாச்சி பேர் வாசித்தார். ஆட்டுக்கிடா கொடுத்தவர்கள், எண்ணெய் கொடுத்தவர்கள், இலை கொடுத்தவர்கள், பந்தலுக்கு ஓலை கொடுத்தவர்கள். வாசித்து முடித்து, வழக்கம்போல, "யார் பேராவது விட்டுப்போச்சா?" என்று கேட்டார். எப்சிபா பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவர் மைக்கை அவள் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினார்.

"சொல்லுங்க அக்கா. யாரு?"

பந்தல் முழுக்க முகம். இந்தச் சில வருஷங்களாய் ஒன்றாய் உட்கார்ந்து பார்த்திராத முகங்கள், பசியும் கண்ணீருமாய், அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு மஞ்சள் சேலை. எப்சிபா கையில் பை இருந்தது. பேரைச் சொன்னால் பை போய்விடும். பை போனால் எந்த வாசலில் உட்காருவாள், யார் அவளை அக்கா என்று கூப்பிடுவார்கள்? மைக் அவள் மூச்சை வாங்கி ஊருக்குக் கொடுத்தது.

"ஒண்ணுமில்ல" என்றாள். "எல்லார் பேரும் வந்துட்டு."

அவள் குரல் ஸ்பீக்கர் வழியாய் ரோட்டைத் தாண்டிப்போய், பனைமரங்களில் மோதித் திரும்பி வந்தது. எல்லார் பேரும் வந்துட்டு. ஒரு பஸ் வந்து வேப்பமரத்தை மறைத்து நின்றது. அது போனபோது மரம் மாத்திரம் இருந்தது.

பந்தி உட்கார்ந்தார்கள். முதல் இலை எப்சிபாவுக்கு என்று குருவானவரே பிடித்து உட்கார வைத்தார். ஆவி பறக்கிற சோற்றைக் கரண்டியில் கொண்டுவந்து போட்டார்கள். அவள் இலையில் அது பச்சை அரிசியாய்ச் சலசலவென்று விழுந்தது. இடப்பக்கத்து இலையைப் பார்த்தாள், சோறு. வலப்பக்கத்து இலையைப் பார்த்தாள், சோறு. அவள் இலையில் மாத்திரம் அரிசி, குழம்புக்கு நடுவே முத்து முத்தாய், உப்பு மாதிரி வெள்ளையாய். வேறு யார் கண்ணிலும் அது படவில்லை.

"எப்படி இருக்கு அக்கா?" என்று மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

எப்சிபா ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். "பூ மாதிரி வெந்திருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து எந்த வீட்டில் யார் வடித்துப் போட்டாலும் அவள் தட்டில் அது அரிசிதான். சத்தம் வராமல் மெல்லப் பழகிக்கொண்டாள். இந்த வயதிலும் பல் ஒன்றுகூட ஆடவில்லை பார் என்று சபைப் பெண்கள் மெச்சுவார்கள். அசனம் வருஷா வருஷம் நடக்கிறது. முந்தின வருஷத்துச் சோற்றில் ஒரு பிடியைக் காயவைத்து அடுத்த வருஷ உலையில் போடுகிற பழக்கத்தை மாசிலாமணி ஏற்படுத்திவிட்டார். ஏன் போடுகிறோம் என்று அவருக்குத் தெரியாது, போட்டால் வேகிறது.

பண்டிகை கழிந்து ரொம்ப நாள் அவள் ரோட்டைத் தாண்டவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். எமீமா திட்டுவாள், கதவைச் சாத்துவாள் என்று எதிர்பார்த்துப் போனாள். அப்படித் திட்டியிருந்தால் அழுதிருக்கலாம். எமீமா பாயை விரித்து, கையலம்பத் தண்ணீர் கொடுத்து, தட்டை எடுத்து வைத்தாள். அடுப்புத் திட்டில் டின்கள் இல்லை, பானை இல்லை. வாளியில் துணி ஊறிக்கொண்டிருந்தது.

"எடுத்து வைக்கலையா இப்பம்?"

"யாருக்கு?" என்று எமீமா கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரியாமல் கேட்கிறவள் மாதிரி கேட்டாள்.

சோற்றைப் போட்டாள். அது பானையில் சோறாயிருந்து, கரண்டியில் சோறாயிருந்து, அம்மாவின் தட்டில் அரிசியாய் விழுந்தது. எமீமா தட்டைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழம்பு எடுக்க உள்ளே திரும்பினாள்.

"சோறு வெந்திருக்காம்மா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள்.

இதோ, இங்கே மைக் இல்லை, கமிட்டி இல்லை, பையும் இல்லை. எப்சிபா வாயைத் திறந்தாள்.

"பூ மாதிரி இருக்கு எமி" என்றாள். சொல்லிவிட்டு ஒரு வாய் அள்ளிப் போட்டாள். அந்தச் சின்ன வீட்டில் அவள் எவ்வளவு மெல்லக் கடித்தும் சத்தம் வந்தது.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. எமீமாவின் குரல் வந்தது.

"பல்லு பத்திரம்மா."